பீன்ஸ்தான் பேசும்

அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் யாருடனும் பேசுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சுத்தப் பொய். பேசிக்கொண்டுதான் இருந்தான். யாரோடு என்பதுதான் பிரச்சினை.

நான் அவனுக்கு ஒரே தங்கை. தையல் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போவேன். எங்கள் வீட்டில் எனக்குப் பேர் சுள்ளி. ஒல்லியாக இருந்ததால் வைத்தார்கள். சட்டென்று பற்றிக்கொள்கிற குணம் பிறகு வந்து சேர்ந்ததால், வயதான பிறகும் பேர் மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஆள் இல்லை. அடுப்படிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சாமான் அறையிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"இன்னைக்கு எதுடி?"

பிறகு உள்ளிருந்து, "டக்."

"அதுவா? அதுக்கென்ன அவசரம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"டக்."

அவனுக்கென்று வாங்கி வந்த ரொட்டியை அப்படியே நசுக்கிவிட்டேன் என்பது மேஜையில் வைத்தபோதுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அலமாரி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் அண்ணன். அலமாரி நிறைய, காயும் பழமும் வேகவைத்து, காற்றுப் புகாமல் தகர மூடி போட்டு அண்ணி அடைத்துவைத்த கண்ணாடி பாட்டில்கள். வேறு யாரும் இல்லை. இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அண்ணனைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அண்ணனும் அண்ணியும் உணவை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அண்ணி காய் நிரப்புகிற வரிசையில். அண்ணன் தட்டுகிற வேலையில். அப்படி ஒரு வேலையா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். மூடி ஆறிய டப்பாக்கள் வரிசையாக வரும். இவன் கையில் ஒரு சின்னக் கம்பி. ஒவ்வொன்றையும் ஒரு தட்டு. நல்ல டப்பா ஒரு மாதிரி ஒலிக்கும், காற்று புகுந்தது வேறு மாதிரி ஒலிக்கும், உள்ளே ஏதாவது கெட்டு வாயு கட்டியிருந்தால் அது தனி ஒலி. மார்பில் தட்டிப் பார்க்கிற வைத்தியர் மாதிரி இவன் தட்டுவதால், அங்கே எல்லோரும் இவனை டப்பா டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்தியருக்குக் கிடைக்கிற கூலி மட்டும் கிடைக்கவில்லை.

மெஷின் இரைச்சலில் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. அதனால் காதலும் தட்டித்தான் நடந்தது. அண்ணி டப்பாவில் ஒரு தட்டு தட்டினால் "ம்". இரண்டு தட்டினால் "இங்கே வா". கல்யாணம் ஆகி இரைச்சல் இல்லாத வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள், இவன் எழுந்து போவான். இந்த வீட்டில் சண்டைகூடக் கரண்டியில்தான் நடக்கும், பாத்திரம் பார்த்து வாங்கணும் என்று நான் கிண்டல் செய்வேன்.

ஆகவே மூடியின் சத்தத்தை அவன் அண்ணியின் "ம்" என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வெயில் ஏறினால் தகர மூடியும் கொஞ்சம் அசையத்தான் செய்யும் என்று நினைத்தேன். பாவம், பேசட்டுமே. எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிற பெண்டாட்டியோடு இவ்வளவுகூடப் பேசுவதில்லை.

அன்றைக்குப் பேரிக்காய் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து திறந்தான். நன்றாக இருந்தது. சூடு பண்ணாமல், அப்படியே சாப்பிட்டான். கொஞ்சம் சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். சூடு பண்ணா அவ கைமணம் போயிடும்."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும். பேச்சை மாற்றுவதற்காக, "எல்லா பாட்டிலும் பேசுமா அண்ணா?" என்றேன். குரலில் கிண்டல் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"எல்லாம் பேசாது. பேரிக்காய் வாயே திறக்காது. தக்காளி, பீட்ரூட் ஊறுகாய், எதுவும் பேசாது. பீன்ஸ்தான் பேசும்." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை. "அதுவும் இப்பதான். முதல்ல ஒன்னு மட்டும் பேசுச்சு. இப்ப அந்த வரிசையே பேசுது."

"பீன்ஸா? உனக்குத்தான் பீன்ஸ் ஆகாதே."

"அதனாலதான் கூப்பிடுறா போல," என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வந்தவளுக்கு வாரம் முழுக்கத் தையல் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். மூடி வெயிலுக்கு அசைகிறதென்றால் எல்லா மூடியும் அல்லவா அசைய வேண்டும். பேரிக்காய்க்கு மட்டும் வேறு வெயிலா?

அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. ஒருமுறை அவளுக்கு ஒத்தாசையாகக் காய் நறுக்கியபோது சொன்னாள். "புளிப்பு இருக்கறதை வெறும் கொதிதண்ணில வச்சு எடுத்தாப் போதும். பீன்ஸ் அப்படி இல்ல. அதுல புளிப்பு கிடையாது. மண்ணுல இருந்து ஒரு கிருமி அதோட வரும், கொதிதண்ணிக்கெல்லாம் அது சாகாது. குக்கர்ல போட்டு அழுத்தத்துல வேக வச்சாத்தான் சாகும். இல்லைன்னா காத்து இல்லாத பாட்டில் அதுக்குத் தாய் வீடு மாதிரி. உள்ளேயே உட்கார்ந்து விஷம் கக்கும். வாசம் வரணும்னு இல்ல, ருசி மாறணும்னு இல்ல. தொட்டு நாக்குல வச்சுப் பார்க்கிறேன்னு கிளம்பிடாத, அந்த ஒரு சொட்டு போதும்."

இப்படிச் சொன்னவள் தானே தப்பு செய்வாளா? அவள் போட்ட பாட்டில் ஒன்றுகூடக் கெட்டதாக நான் கேட்டதில்லை. ஆறிய பிறகு ஒவ்வொரு மூடியின் நடுவிலும் விரலை வைத்து அழுத்துவாள். மூடி அசையாமல் குழிந்து இருந்தால் அலமாரிக்குப் போகும். அமுங்கி எழும்பினால் அது சரியாக மூடவில்லை என்று அர்த்தம், உடனே தனியாக எடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள். நான்தான் இல்லாததையெல்லாம் நினைத்துக் குழம்புகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

வாசல் கதவு வழக்கம்போலத் திறந்தே கிடந்தது. நல்லவேளை, அண்ணன் கடைக்குப் போயிருந்தான். நேராகச் சாமான் அறைக்குப் போனேன். முதலில் தேடியது குக்கரை. வீட்டுச் சமையலுக்கு வைக்கிற குக்கர் இல்லை. பாட்டில்களை உள்ளே நிறுத்துகிற அளவுக்குப் பெரியது, தடிமனான அலுமினியம், மூடியைச் சுற்றித் திருகாணிகள். அண்ணி யாரையும் தொடவிட மாட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய சாக்குக்குப் பின்னால் கிடந்தது.

சாக்கை விலக்கினேன். மூடியின் மேல், ஆவி போகிற குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு குளவிக் கூடு. காய்ந்து இறுகிய மண். குஞ்சுக் குளவிகள் பறந்துபோன ஓட்டைகள்கூடத் தெரிந்தன. அதன் பக்கத்திலேயே இன்னொரு கூடு, அதைவிடப் பழசு, தொட்டதும் உதிர்ந்தது. இந்த ஆவிக்குழாய் வழியாக மூச்சுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

நிமிர்ந்து பீன்ஸ் பாட்டில்களின் லேபிளைப் பார்த்தேன். அண்ணியின் கையெழுத்து. போன பீன்ஸ் பருவத்தின் தேதி. அவள் கடைசியாகப் போட்டவை.

நம்பிக்கை விடவில்லை எனக்கு. ஒரு பாட்டில் மூடியின் நடுவில் விரலை வைத்தேன். குழிந்து இருக்க வேண்டிய மூடி லேசாகத் தொப்பை போட்டிருந்தது. அழுத்தினேன். டக் என்று உள்ளே போனது. விரலை எடுத்தேன். டக் என்று வெளியே வந்தது. அடுத்த பாட்டில். அதற்கு அடுத்தது. அந்த வரிசை முழுக்க அப்படித்தான். பேரிக்காய் இருந்த தட்டு காலியாகக் கிடந்தது. தக்காளி மூடிகள் கல் மாதிரி அசையாமல் இருந்தன.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அப்போது, மூலையில், நான் தொடவே தொடாத ஒரு பாட்டில், "டக்" என்றது.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். சொன்னவர்கள் அந்த அறையில் நின்று பார்க்கட்டும். எனக்கு எல்லாக் காரணமும் தெரியும், கிருமி தெரியும், வாயு தெரியும், ஆனாலும் அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்பது உண்மைதானே. அண்ணி கையால் மூடிய பாட்டிலுக்குள் இருந்துகொண்டு, அண்ணி மாதிரியே தட்டுகிறது. அதுவும் அவனைக் கூப்பிட்டு.

"வேணாம் அண்ணி," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது, நான் மறுக்கவில்லை. "அவனை விட்டுடுங்க."

அலமாரி கப்சிப் என்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அண்ணன் உள்ளே வந்தான். என்னைப் பார்த்து வியக்கவும் இல்லை, ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்கவும் இல்லை. "பேசுச்சா?" என்றான்.

என் கண் தானாக மூலைக்குப் போனது.

"எதுன்னு மட்டும் சொல்லு. மூலையில இருக்கறதா?" நேராகப் போய் அந்தப் பாட்டிலையே எடுத்தான். "போன வாரத்தோட பேரிக்காய் தீர்ந்துபோச்சு. பேசாததை எல்லாம் எவ்வளவு நாளைக்குத் தின்னுக்கிட்டிருக்கறது. இனிமே பீன்ஸ்தான்."

சாப்பாட்டு மேஜையில் பாட்டிலை வைத்தான். தட்டு ஒன்று வைத்தான். ஸ்பூன், மூடி திறக்கிற நெம்புகோல் எல்லாம் எடுத்து வைத்தான். விருந்துக்குத் தயாராகிறவன் மாதிரி நிதானமாக.

"அதைத் திறக்காத அண்ணா."

"ஏன்?"

சொன்னேன். குக்கர், குளவிக் கூடு, லேபிளில் இருந்த தேதி, உப்பிய மூடி எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது எனக்குக் கேட்டது. அவனோ வேறு யார் வீட்டுச் சேதியையோ கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னான். "மூடி உப்பியிருந்தா என்னன்னு எனக்கா சொல்லித் தர, சுள்ளி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயுசு முழுக்கக் கெட்ட டப்பாவைக் காதால் பிடித்தவன் இவன். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லியிருப்பான். முதல் மூடி முதல் தடவை டக் என்றபோதே இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வாரமும் நான் இவனைத் துக்கத்தில் புத்தி மழுங்கியவன் என்று நினைத்து, பாவம் பார்த்து ரொட்டி வாங்கி வந்துகொண்டிருந்தேன்.

"தெரிஞ்சேதான் திங்கப்போறியா?"

"கூப்பிட்டா போகணும்ல," என்றான்.

அழுகை வந்திருந்தால் அழுதிருப்பேன். எனக்கு வந்தது கோபம். பாத்திர அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்தேன், அவன் தட்டுக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தேன், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கும் வை."

"உனக்கெதுக்கு?"

"பசிக்குது. அண்ணி கைமணம் உனக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா? எனக்கும் அவ சோறு போட்டவதான்."

"விளையாடாத."

"விளையாடல. பாதி எனக்கு, பாதி உனக்கு. திற."

அவன் நெம்புகோலைக் கையில் எடுத்தான். மூடி விளிம்பில் வைத்தான். என்னைப் பார்த்தான். நான் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். உண்மையைச் சொன்னால், அவன் திறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வேணாம் சுள்ளி."

"ஏன் வேணாம்? வாயைத் திறந்து சொல்லு."

"செத்துருவ."

அந்தச் சொல்லைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். நெம்புகோலை மேஜையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நீ?" என்றேன்.

பாட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. பச்சையாக, பார்வைக்கு அழகாகவே இருந்தது பீன்ஸ்.

"போன பருவம், ஒரு மத்தியானம்," என்று ஆரம்பித்தான். "டிவில மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. அடுப்படியில இருந்து ரெண்டு தட்டு தட்டினா. வரேன்னு வாயால சொன்னேன். எந்திரிக்கல. மறுபடி ரெண்டு தட்டு. அப்பவும் போகல. அப்புறம் அவ தட்டல. மேட்ச் முடிஞ்சு போய்ப் பார்த்தா, சாதாரணப் பாத்திரத்துல தண்ணி கொதிக்குது, உள்ள பாட்டில் நிக்குது. தக்காளி போடுறான்னு நினைச்சுக்கிட்டேன். எதுக்குடி கூப்பிட்டன்னு கேட்டேன். ஒன்னுமில்ல, அந்தக் குக்கரைக் கீழ இருந்து தூக்கித் தரச் சொல்லலாம்னு பார்த்தேன், பரவாயில்ல, நாளைக்கு எடுத்துக்கலாம்னா."

"அதுக்கு முந்தின பருவமும் குக்கரை எடுக்கல அவ," என்றேன். குளவிக் கூடு இரண்டல்லவா.

"அந்த வருஷம் பீன்ஸே போடல. உனக்குப் பிடிக்காததை எதுக்குப் போடணும்னு சொன்னா. கையில வலு இல்லன்னு சொல்லல. நானும் கேட்டுக்கல." மூக்கை உறிஞ்சினான். "நாளைக்கு மறுபடி குக்கர்ல வச்சு எடுத்துடலாம்னுதான் இருந்திருப்பா. அந்த நாளைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பாட்டிலெல்லாம் அடுப்படி மேடையில நிக்குது. பக்கத்துலயே அவ எழுதி வச்ச லேபிள். திரும்பி வந்தா சந்தோஷப்படுவாளேன்னு நானே ஒட்டி, நானே அலமாரில அடுக்கினேன். வாழ்க்கைலயே அந்த ஒரு நாள்தான் அவளுக்கு நான் ஒத்தாசை பண்ணது."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"ஆஸ்பத்திரில வாயில குழாய் வச்சுட்டாங்க. பேச முடியல. போய்ச் சொன்னேன், பாட்டிலெல்லாம் எடுத்து வச்சிட்டேன்டின்னு. கட்டில் கம்பியை விரலால தட்டினா. தட்டிக்கிட்டே இருந்தா. இங்கதானே இருக்கேன்னு சொன்னேன். நிறுத்தவே இல்ல." என்னை நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்குக் கூப்பிட்டப்ப போகல. அதான் இப்பவாவது போலாம்னு."

"உங்க ஃபேக்டரில கெட்ட டப்பா சத்தம் போட்டா என்ன அர்த்தம் அண்ணா? வான்னு அர்த்தமா?"

அவன் பாட்டில் மூடியைப் பார்த்தான். "தள்ளி வைன்னு அர்த்தம்," என்றான்.

"அதைத்தான் அவ கம்பில தட்டியிருக்கா."

இது உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தட்டு மொழி தெரியாது. அவனுக்குத் தெரிந்த மொழியில் அவன் பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். அவன் தடுக்கவில்லை. இந்த மாதிரிப் பாட்டிலைத் திறந்து கொட்டக்கூடாது, ஒரு சொட்டு தெறித்தாலும் ஆபத்து. மூடியோடு அப்படியே தண்ணீரில் மூழ்க வைத்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகுதான் தூக்கி எறிய வேண்டும்; கிருமி சாகாவிட்டாலும் அது கக்கிய விஷம் கொதியில் முறிந்துவிடும். இதுவும் அண்ணி சொன்னதுதான். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். பாட்டில் மூழ்குகிற அளவுக்குப் பெரிய பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. குக்கரின் மூடியைக் குளவிக் கூட்டோடு கழற்றி வைத்துவிட்டு, பாத்திரத்தை மட்டும் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தேன். பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே படுக்க வைத்தேன். இடம் போதவில்லை, பாதி வரிசை அலமாரியிலேயே நின்றது. குழாயிலிருந்து குவளை குவளையாகத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். மூழ்கிவிட்டன.

அடுப்பு மேடை என் இடுப்பு உயரம். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். தரையை விட்டு எழும்பியது, எழும்பிய வேகத்தில் இறங்கிவிட்டது.

"அண்ணா," என்று கூப்பிட்டேன். "வந்து ஒரு கை பிடி."

அவன் நாற்காலியை நகர்த்துவது கேட்டது. அதே நேரம் சாமான் அறையிலிருந்து, மிச்சமிருந்த பாட்டில்களில் ஒன்று, "டக்" என்றது. உடனே இன்னொன்று, "டக்."

அண்ணன் நடைவழியில் வந்து நின்றான். இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் சாமான் அறை. அவன் தலை மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருந்தது. பாத்திரத்தைப் பிடித்தபடியே குனிந்து நின்றேன்.

பிறகு அவன் அடுப்படிக்குள் வந்தான். என் எதிரே குனிந்து பாத்திரத்தின் மறு காதைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து தூக்கினோம். தண்ணீர் தளும்பி அவன் காலில் கொட்டியது. மேடைக்கு ஏற்றும் முன்னால், பாதி உயரத்தில், அவன் கை நின்றுவிட்டது.

"இவ்வளவு கனமா இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றான்.